நீ ஆற்ற பிள்ளை?

"தீவான்" எண்ட சொல்லை நான் முதல்முதல் கேட்டது பத்து வயசில. 1990இல சண்டை திரும்பத் தொடங்கினாப்பிறகு நெடுந்தீவை விட்டு யாழ்ப்பாணம் ரவுண் பக்கம் வந்து சேர்ந்த நேரம். சோதினையில கூடப் புள்ளி எடுத்தாலும் "தீவான் விடமாட்டான்" எண்டுவாங்கள், கிரிக்கெற்றில பிடியை விட்டாலும் "தீவானுக்கு என்ன தெரியும்" எண்டுவாங்கள். சண்டை பிடிச்சும் பாத்தன், சிரிச்சும் சமாளிச்சன். கடைசியில பழகிப் போச்சு.

இப்ப நாற்பத்தைஞ்சு வயசாகுது. ஸ்கொட்லாந்தின்ர வடமேற்குக் கரையில உல்லாப்பூல் எண்ட இடத்தில கப்பல் ஏறினால் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல போய் இறங்கிற லூயிஸ் தீவில, ஸ்ரோர்னோவே எண்ட சின்ன ரவுணில, ஒரு ரெஸ்ரோரன்ற் குசினிக்குள்ள நிண்டு வெங்காயம் அவிக்கிறன். தலையெழுத்தைப் பாருங்கோ. தீவான் திரும்பவும் தீவான்.

இதில ஒரு பகிடி இருக்கு. இந்தத் தீவுச் சனத்தையும் கிளாஸ்கோ, எடின்பரோ ஆக்கள் ஒரு பேர் வைச்சு நக்கலடிக்கிறவை. "சூக்ரர்" எண்டு சொல்லுவினம். பட்டிக்காட்டான், ரவுண் பழக்கம் தெரியாதவன் எண்ட மாதிரி ஒரு கருத்து. எங்கட குசினிக்குச் சாமான் இறக்க வாற ஒரு மனுசன் இதை எனக்கு விளங்கப்படுத்தினபோது நான் விழுந்து விழுந்து சிரிச்சன். அந்தாளுக்கு ஏனெண்டு விளங்கேல்லை.

நான் இஞ்ச வந்த கதை பெரிய கதையில்லை. யாழ்ப்பாணம் கம்பசில விஞ்ஞான பீடம். 2006 ஆவணியில ஏ9 பாதை பூட்டுப்பட்டதோட படிப்பும் பூட்டுப்பட்டுது. 2007இல லண்டன். ஈஸ்ற்ஹாமில கோப்பை கழுவினது, பெற்றோல் செற்றில இரவு வேலை, பிறகு கிளாஸ்கோவில குசினி. 2013இல ஒரு சில்லெற் முதலாளி, "ஒரு தீவில கடை இருக்கு, மேல் வீட்டில அறையும் தருவன், வாறியா?" எண்டு கேட்டார். லண்டனில இருந்த சிநேகிதன், "உனக்கென்ன விசரா? அங்க ஒரு தமிழ்க்கடை கூட இல்லை" எண்டான். உண்மைதான். ஆனால் தீவு எண்ட சொல்லைக் கேட்ட உடனேயே நான் பாதி வெளிக்கிட்டிட்டன்.

முதல்நாள் பாத்தது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. ரவுணுக்கு வெளியில போனால் மரமே இல்லை. பார்வை போற தூரத்துக்குச் சதுப்பு நிலம். அதை வெட்டி வரிசையாய்க் காயவிட்டிருந்தினம். பீற் எண்டு சொல்லுறது, காய்ஞ்ச பிறகு விறகு மாதிரி எரிக்கலாம். காணி எல்லையளுக்குச் சீமெந்து இல்லாமல் கல்லுக்கு மேல கல்லு அடுக்கின வேலி. எங்கட நெடுந்தீவில கடற்கல்லு அடுக்கி வேலி கட்டியிருக்கிறதை நீங்கள் பாத்திருப்பியள். அதே கைவேலை. பனை மட்டும்தான் குறை.

ரவுணில மரம் இருக்கிறது ஒரு பக்கத்தில மட்டும். அது லூஸ் கோட்டை வளவு. ஜேம்ஸ் மதேசன் எண்டவர் சீனாவுக்கு அபின் வித்த காசில 1844இல இந்தத் தீவையே விலைக்கு வாங்கினவர். மரம் நட்டுக் கோட்டை கட்டினதும் அவர்தான். பிறகு 1918இல வாங்கினவர் ஆர் தெரியுமோ? லெவர் பிரபு. எங்கட அம்மா கிணத்தடியில வைச்சு உடுப்புக்குப் போட்ட சன்லைற் சவுக்காரக் கட்டி இருக்கெல்லோ, அந்த லெவர். போருக்குப் போய்வந்த பெடியள், "எங்களுக்கு உழுகிறதுக்குக் காணி தா" எண்டு நிண்டவங்கள். அவர், "காணி வேண்டாம், மீன் தொழிற்சாலை கட்டித்தாறன், சம்பளத்துக்கு வேலை செய்யுங்கோ" எண்டார். ஒத்துவரேல்லை. 1923இல விட்டுப்போட்டுப் போகேக்க ஸ்ரோர்னோவேப் பகுதிக் காணியைச் சனத்துக்கே எழுதிக் குடுத்தார். இண்டைக்கும் அந்தக் காணி சனம் வாக்குப்போட்டுத் தெரியிற ஒரு நம்பிக்கைச் சபையின்ர கையிலதான் இருக்கு. அதே 1923 சித்திரையில மெற்றகாமா எண்ட கப்பல் முந்நூறு பேர் அளவில ஏத்திக்கொண்டு இந்தத் துறைமுகத்தில இருந்து கனடாவுக்குப் போனது. கூடுதலாய் எல்லாம் இளம் பெடியள். காணியும் வேண்டாம் கடலும் வேண்டாம் எண்டு போன கூட்டம். எங்கட தீவுப்பகுதிச் சனம் ரொறொன்ரோவில சங்கம் வைச்சிருக்கிற கதை எனக்கு அப்ப ஞாபகம் வரும்.

சாப்பாட்டு விசயத்தையும் சொல்லத்தான் வேணும். இந்த ரவுண் பேர்பெற்றது இரத்தம் போட்டுச் செய்யிற கறுப்புப் புடிங்குக்கு. 2013இல ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேருக்குப் பாதுகாப்பே குடுத்தது, வேற இடத்தில செய்து ஸ்ரோர்னோவே எண்டு விக்கேலாது. முதல்தரம் வாயில வைச்ச உடன எனக்கு வந்தது எங்கட ஆட்டு இரத்த வறையின்ர ஞாபகம். மிளகும் தேங்காய்ப்பூவும் இல்லாத இரத்த வறை. முதலாளி பன்றி தொடமாட்டார் எண்டபடியால் குசினிக்குள்ள கொண்டுவரேலாது. அறையில வைச்சு வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுவன். அவருக்கும் தெரியும். கண்டும் காணாத மாதிரி இருப்பார்.

இனி ஞாயிற்றுக்கிழமை. இந்த ஊரைப் பற்றி வெளியில கதைக்கிறவை எல்லாரும் இதைத்தான் முதலில கதைப்பினம். நான் வந்த காலத்தில ஞாயிறு எண்டால் கடைகள் பூட்டு, றோட்டில சனமில்லை, கொடியில உடுப்புக் கூடக் காயப்போடமாட்டினம். சேர்ச்சுக்குப் போற கறுப்புக் கோட்டுகள் மட்டும்தான். ஞாயிறு பிளேன் வந்தது 2002இல. ஞாயிறு கப்பல் ஓடினது 2009 ஆடியில, அதுக்கு எதிர்ப்பும் நடந்தது. 2024 கார்த்திகையில ரெஸ்கோவும் ஞாயிறு திறக்கத் தொடங்கிட்டுது. அதுக்கு முதல் ரவுணில ஒரே கதை இதுதான்.

நான் சேர்ச்சுக்குப் போறவனில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், கிழமையில ஆறு நாள் அடுப்புக்கு முன்னால வெந்தவனுக்கு எங்கட கடையும் சேர்த்துப் பூட்டின அந்த ஒரு நாள் பெரிய வரம். லண்டனில எனக்கு ஞாயிறு எண்டால் கூட வேலை. கடவுளுக்காகப் பூட்டினமோ தொழிலாளிக்காகப் பூட்டினமோ, பூட்டினால் எனக்குக் காணும். அதேநேரம் கப்பலை நிப்பாட்டி வைக்கிறது எனக்குச் சரியாய்ப் படேல்லை. தீவில பிறந்தவனுக்குத் தெரியும், படகு ஓடாத நாள் எண்டால் என்னெண்டு. வருத்தக்காரனுக்கும் சாவீட்டுக்குப் போறவனுக்கும் கிழமை இல்லை.

குளிர்காலத்தில காத்து அடிச்சால் ஆரும் நிப்பாட்டத் தேவையில்லை, கப்பல் தானாய் நிக்கும். இரண்டு நாள் நிண்டால் கடைத் தட்டில பாண் இருக்காது. எங்கட குசினிக்குக் கொத்தமல்லித்தழை இருக்காது, பச்சைமிளகாய் இருக்காது. சனம் முறைப்பாடு சொல்லாமல் இருக்கிறதைச் சாப்பிட்டுப் போகும். தீவுச் சனம் எல்லோ.

சரி, நான் எழுத வந்த விசயத்துக்கு வாறன்.

இஞ்ச வயசுபோன ஆக்கள் ஒரு புது ஆளைக் கண்டால் கேலிக் பாசையில கேக்கிற கேள்வி, "கோ லேஷ் ஊ?" உன்ர பேர் என்ன எண்டு இல்லை. நீ ஆற்ற ஆள், ஆருக்குச் சொந்தம் எண்டு. ஏனெண்டால் பேரைக் கேட்டுப் பிரியோசனம் இல்லை, ஊர் முழுக்க மக்லியோட், மக்டொனால்ட், மொறிசன். தகப்பன் பேர், பேரன் பேர், பட்டப்பேர் எல்லாம் சொன்னால்தான் ஆளைப் பிடிக்கலாம். எங்கட ஊரிலயும் சைக்கிளை மறிச்சு வைச்சு, "தம்பி நீ ஆற்ற பிள்ளை?" எண்டுதானே கேப்பினம். "இன்னாற்ற கடைசிப் பெடியன்" எண்டு சொன்னால், "ஓ, கிணத்தடி வளவுக்காரியின்ர மோனோ" எண்டு அம்மா வரைக்கும் போகும். அந்தக் கேள்வியை லண்டனில ஆறு மாசம் விசா அதிகாரியள் கேட்ட விதம் வேற. இஞ்ச கேட்ட விதம் வேற.

2019இல எனக்கு பிரித்தானியப் பாஸ்போட் கிடைச்சது. பன்ரண்டு வருசத்துக்குப் பிறகு அம்மாவைப் போய்ப் பாக்கலாம் எண்டு காசு சேர்க்கத் தொடங்கினன். அம்மா அப்ப திரும்பி நெடுந்தீவிலதான், அண்ணையோட. 2020 சித்திரைக்குப் போறதாய்ச் சொல்லியிருந்தன்.

மாசி மாசம் ஒரு சனிக்கிழமை இரவு, கடை பூட்டுற நேரம், அண்ணை ரெலிபோன் எடுத்தார். அம்மா போட்டா.

எங்கட முறையில தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசிப் பிள்ளைதான் கொள்ளி வைக்கிறது. நான் கடைசி. அம்மா சின்னனில கோவம் வந்தால் சொல்லுவா, "நீதானடா எனக்குக் கொள்ளி வைக்கிறவன், நீயே இப்பிடிச் செய்தால்?" எண்டு. அண்ணையிட்ட சொன்னன், "வைச்சிருங்கோ, வாறன்." அண்ணை, "தம்பி, இது தீவு. எத்தனை நாள் வைச்சிருக்கிறது? நீ எப்ப வருவாய்?" எண்டார்.

அந்த மாசம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டாய்ப் புயல். சியாரா, டெனிஸ் எண்டு பேரும் வைச்சிருந்தவங்கள். ஞாயிறு விடிய பையோட துறைமுகத்துக்குப் போனன். கப்பல் இல்லை. பிளேனும் இல்லை. கதவுக்கு வெளியில நிக்கேலாத காத்து. கப்பல் ஓடியிருந்தாலும் கிளாஸ்கோ, கொழும்பு, யாழ்ப்பாணம், குறிகட்டுவான், அங்க திரும்பவும் ஒரு படகு. கணக்குப் பாத்தால் மூண்டு நாள். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டும் நிண்டன். அந்தப் பக்கம் ஒரு கடல், இந்தப் பக்கம் ஒரு கடல். வாழ்க்கையில முதல்தரமாய் என்னட்டப் பாஸ்போட் இருந்தது, காசு இருந்தது, போக ஏலாமல் இருந்தது. அண்ணை கொள்ளி வைச்சார். நான் ரெலிபோனில பாத்தன். இடையில சிக்னல் நிண்டு போச்சு.

நான் அப்ப வாடகைக்கு இருந்தது ரவுணுக்குக் கொஞ்சம் வெளியில ஒரு பழைய வீடு. முந்தி ஒரு நெசவாளி இருந்த வீடு, பின் கொட்டிலில பழைய தறி இன்னும் கிடக்குது. ஹரிஸ் ருவீட் துணி இஞ்ச ஆக்கள் தங்கட வீட்டில வைச்சுக் கையால நெய்தால்தான் அந்தப் பேரைப் போடலாம், 1993இல சட்டமே போட்டிருக்கினம். பக்கத்து வீட்டில எண்பது வயசு மனுசன், அவரும் நெய்தவர். துறைமுகத்தில ஆரோ என்னைக் கண்டு அவருக்குச் சொல்லியிருக்கினம். பின்னேரம் கதவு தட்டிச்சுது. அவர், அவற்ற மனிசி, இன்னும் மூண்டு ஆக்கள், எல்லாரும் சேர்ச் உடுப்போட. மனிசியின்ர கையில சூப்புச் சட்டி. கொஞ்ச நேரத்தால முதலாளியும் சோறும் பருப்பும் கொண்டு வந்தார். ஸ்ரோர்னோவேயில ஐம்பது வருசத்துக்கு மேலாய்ப் பாகிஸ்தான் குடும்பங்கள் இருக்குது, அதில ஒரு கடைக்காரரும் வந்தார். அவர் அந்தக் கிழவனோட கதைச்சது கேலிக்கில.

இஞ்ச சாவீட்டில இரவு இரவாய்ச் சனம் வந்து இருக்கிறது வழக்கம். பிரேதம் இல்லாத வீட்டுக்கும் வருவினமோ எண்டு எனக்குத் தெரியாது. வந்தவை. கிழவன் கேட்டார், "பெடியா, நாங்கள் எங்கட முறையில ஒண்டு பாடலாமா?" தலையாட்டினன். அவர் ஒரு வரி எடுத்துக் குடுக்க மற்றவை பின்னால வந்தவை. சேர்ந்து பாடுறேல்லை. ஒவ்வொருத்தரும் தங்கட கதியில இழுத்து, அலை கரைக்கு வாற மாதிரி ஒண்டின்ர மேல ஒண்டாய். ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்லை. செத்தவீட்டில எங்கட பெண்டுகள் கட்டிப்பிடிச்சு அழுதபடி பாடுறதுதான் காதில கேட்டது. அப்பதான் அழுதன்.

பாடி முடிய அவர் கேட்டார், "அம்மா ஆற்ற ஆள்?"

பதிமூண்டு வருசத்தில என்னட்ட அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை. சொல்லத் தொடங்கினன். பேரன், பேத்தி, கிணத்தடி வளவு, குதிரையள் மேயிற வெளி, பெருக்கமரம் எல்லாம். பெரியம்மாவில வந்து நிண்டுது. 1985 வைகாசி 15, குமுதினி படகு. எனக்கு அஞ்சு வயசு. நெடுந்தீவில இருந்து வெளிக்கிட்ட படகைக் கடலில மறிச்சு, முப்பதுக்கு மேற்பட்ட சனத்தை, குழந்தையளையும் சேர்த்து, வெட்டிக் கொன்ற நாள். பெரியம்மா அதில போனவ. அம்மா அதுக்குப் பிறகு சாகும்வரைக்கும் அதைப் பற்றி எங்களோட கதைச்சதில்லை. படகு ஏறேக்க மட்டும் என்ர கையை நோகப் பிடிப்பா.

கிழவன் கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "என்ர அப்பாவின்ர அப்பா அயோலெயரில போனவர். என்ர பேத்தியும் வாய் திறக்கேல்லை."

அயோலெயர் இந்தத் தீவின்ர பெரிய காயம். முதலாம் உலகப்போர் முடிஞ்சு, தப்பிப் பிழைச்ச பெடியளை வீட்டுக்கு ஏத்திக்கொண்டு வந்த கப்பல். 1919 தை முதலாம் திகதி விடியச்சாமம், துறைமுகத்து வெளிச்சம் தெரியிற தூரத்தில, கரையில இருந்து கல்லெறி தூரத்தில பாறையில மோதினது. 201 பேர் செத்தவை. ஒரு ஆள் கயித்தோட நீந்திக் கரைக்குப் போய்க் கட்டினதால நாற்பது பேர் அளவில தப்பினவை. விடிய, வருசப் பிறப்புக்கு அடுப்பு மூட்டிவைச்சுக் காத்திருந்த தாய்மார் கடற்கரைக்கு வண்டில் கொண்டு போனவை. அதுக்குப் பிறகு தீவில அதைப் பற்றி ஆரும் கதைக்கேல்லை. தப்பி வந்தவன் பக்கத்து வீட்டு விதவையின்ர முகத்தைப் பாக்க வெக்கப்பட்டான் எண்டு கிழவன் சொன்னார். நூறாம் வருசத்துக்குத் துறைமுகத்தில கப்பலின்ர நீளத்துக்குக் கம்பங்கள் நட்டு விளக்குப் போட்டவை. நான் வேலை முடிஞ்சு இரவில அதைக் கடந்து போயிருக்கிறன். வடிவாய் இருக்கு எண்டு மட்டும்தான் நினைச்சன்.

அண்டைக்கு அவர் சொன்ன இன்னொண்டு: "கேக்க வேண்டிய நேரத்தில நாங்கள் கேக்கேல்லை. கேக்கத் துணிஞ்சபோது சொல்ல ஆளில்லை." இவ்வளவுக்கும், இந்தச் சனம் போரில போனவையின்ர பேரை ஊர் ஊராய், காணி இலக்கத்தோட அப்பவே புத்தகமாய்ப் போட்ட சனம்.

எங்களிட்ட என்ன இருக்கு? வைகாசி வந்தால் கூட்டம் வைக்கிறம். ஆர் விளக்கேத்திறது, எந்தக் கொடி, ஆர் முதலில பேசுறது எண்டு சண்டை பிடிக்கிறம். குமுதினியில போன ஆக்களின்ர பேர் முழுக்கச் சொல்லு எண்டால் எனக்கே தெரியாது, பெரியம்மாவைத் தவிர. தீவான் எண்டு சொன்னவங்களில எனக்கு இப்ப கோவம் இல்லை. என்னிலதான் கோவம். பதிமூண்டு வருசம் கிழமைக்கு ஒருக்கா அம்மாவோட கதைச்சன். சாப்பிட்டியளோ, காசு வந்ததோ, மழையோ எண்டு கேட்டன். "பெரியம்மா அண்டைக்கு என்ன சீலை உடுத்திருந்தவ?" எண்டு கேக்கேல்லை. இனி ஆரைக் கேக்கிறது?

போன வருசம் கோப்பரேற்றிவ் கடையில அந்தக் கிழவனோட நிண்டனான். நெஸ் பக்கத்தில இருந்து வந்த ஒரு வயசுபோன மனிசி என்னைக் காட்டி அவரிட்டக் கேலிக்கில கேட்டுது, இவர் ஆற்ற ஆள் எண்டு. இவ்வளவு கேலிக் எனக்கு விளங்கும். இந்த நெசவாளியின்ர வீட்டில இருக்கிற பெடியன் எண்டு தொடங்கினார் (நாற்பத்தைஞ்சு வயசிலயும் பெடியன்). பிறகு நிப்பாட்டாமல், தாய் நெடுந்தீவு, அது ஒரு தீவு, சின்னம்மாவோ பெரியம்மாவோ படகில போனவ, தாய் செத்தது புயலடிச்ச மாசி எண்டு சொல்லிக்கொண்டு போனார். நெடுந்தீவு எண்ட சொல்லு அந்த வாயில கடிபட்டு வந்தது. வேலணை, புங்குடுதீவு ஆக்கள் கேட்டால் சிரிப்பியள்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை. அம்மா ஆர் எண்டு சொல்லக்கூடிய ஆள் உலகத்தில இன்னும் ஒராள் இருக்கிறார், அதுவும் அவவை ஒருநாளும் காணாத ஆள் எண்டு நினைச்சன்.

ஊரில தாய் தகப்பன் இருக்கிறவை, இந்த ஞாயிறு ரெலிபோன் எடுக்கேக்க சாப்பிட்டியளோ எண்டதுக்குப் பிறகு இன்னும் ஒரு கேள்வி கேளுங்கோ. கேட்டதை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. சரி, நாளைக்குத் திங்கள். இரண்டு மூடை வெங்காயம் உரிக்கக் கிடக்கு.